தபால்தலையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு

கல்யாண வீட்டில் பத்திரிகை அச்சாகி வந்து, கவர்களில் முகவரி எழுதி முடித்ததும் ஒரு குரல் எழும்: "ஏதாவது ஒரு ஸ்டாம்பை வாங்கி ஒட்டி அனுப்புங்க. அதையெல்லாம் யாரு பார்க்கப் போறாங்க?" சொல்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர், நூறு வேலைகளைத் தலையில் சுமப்பவர். அவர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் அவர் அவசரத்தில் சொன்னது இன்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட தீர்ப்பாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகைக்குத் தபால்தலை தேர்ந்தெடுப்பது சேகரிப்பாளர்களின் கிறுக்கு, காசு இருப்பவர்களின் ஆடம்பரம், வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று படித்தவர்களே பேசுகிறார்கள். இதன் இளைய வடிவம் இன்னும் ஒரு படி மேலே போய், தபாலே எதற்கு, வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா என்று கேட்கிறது.

இரண்டையும் நான் மறுக்கிறேன். நேரில் போய் அழைக்க முடியாத உறவுக்கும் நட்புக்கும் பத்திரிகை தபாலில்தான் போக வேண்டும். அதன் மேல் ஒட்டும் தலையை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. செய்யாமல் விடுவதால் இழப்பதோ, அழைப்புக்கே உரிய மரியாதையில் ஒரு பங்கு.

முதலில் "யாரு பார்க்கப் போறாங்க" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். கடிதத்தின் வெளிப்புறத்தை நம் அளவுக்கு உன்னிப்பாகப் பார்த்துப் பழகியவர்கள் குறைவு. பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோம். எதற்காக? பிரிப்பதற்கு முன்பே இது மங்கலச் செய்தி என்று கைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. கருமாதிக் கடிதத்தின் ஓரத்தில் கறுப்பு இருக்கும். அதைக் கண்டவுடன் வீட்டுக்குள் எடுத்துப் போகாமல் வாசலிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட கவரின் நிறத்தையும் மூலையையும் பார்த்தே வந்தது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார்கள். வெளிப்புறத்தைப் படிக்கும் இந்தப் பழக்கம் உள்ள சமூகத்தில், அந்த வெளிப்புறத்தில் வண்ணத்தோடும் படத்தோடும் இருக்கும் ஒரே பொருளை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது எப்படிச் சரியாகும்? பார்க்கிறார்கள். பார்க்கும்படி நாம் எதையும் ஒட்டாததால் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கவர் கைக்கு வந்ததும் கண் முதலில் தன் பெயரைத் தேடும். அடுத்துப் போவது வலது மேல் மூலைக்கு. அனுப்பியவர் யார் என்பதை இடது கீழ்மூலையில் தேடுவது அதற்குப் பிறகுதான். ஆக, உள்ளே இருக்கும் பத்திரிகை பேசத் தொடங்கும் முன்பே தபால்தலை பேசிவிடுகிறது.

இப்போது செலவைப் பார்ப்போம். சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் பத்திரிகை எடுக்கப் போகும் குடும்பங்களைப் பாருங்கள். பிள்ளையார் படம் தங்க ஃபாயிலில் வேண்டுமா, மேலெழும்பிய அச்சில் வேண்டுமா, உள்ளே எத்தனை மடிப்பு, கவருக்கு என்ன நிறம் என்று அரைநாள் போகும். ஒரு பத்திரிகைக்கு முப்பது ரூபாயும் ஐம்பது ரூபாயும் கொடுப்பது இன்று நடுத்தரக் குடும்பத்திலேயே சாதாரணமாகிவிட்டது. அத்தனையும் செய்த குடும்பம், அந்த அழகான கவரைக் கடைசியில் மொத்தமாகக் கட்டி ஃபிராங்கிங் எந்திரத்துக்கு அனுப்பிவிடுகிறது. சந்தன நிறக் கவரின் மூலையில் சிவப்பு மையில் ஒரு கட்டமும் ஒரு தொகையும் விழுகின்றன. பாதி நேரம் கலங்கலாக. மின்கட்டண அறிவிப்பும் வங்கிக் கடிதமும் இதே கோலத்தில்தான் வருகின்றன. ஐம்பது ரூபாய்ப் பத்திரிகைக்கு அலுவலகக் கடிதத்தின் முகத்தைக் கொடுத்துவிட்டு, தபால்தலை தேர்ந்தெடுப்பவரை ஆடம்பரக்காரர் என்பது நியாயமா?

தபால்தலை விஷயத்தில் அழகுக்குத் தனி விலை கிடையாது. ஐந்து ரூபாய்த் தலை என்றால் ஐந்து ரூபாய்தான். அன்றாடப் பயன்பாட்டுக்காகத் திரும்பத் திரும்ப அச்சிடப்படும் பொதுத் தலைக்கும், ஒரு மனிதரையோ கலையையோ ஊரையோ போற்றி ஒரே முறை அச்சிடப்படும் நினைவுத் தலைக்கும், அச்சிட்ட மதிப்பு ஒன்றாக இருந்தால் அஞ்சலக விலையும் ஒன்றே. நாசிக்கிலும் ஐதராபாத்திலும் உள்ள அரசு அச்சகங்களில் தேர்ந்த ஓவியர்களின் வடிவமைப்பில் அச்சாகி வரும் அந்தச் சின்னப் படம், கட்டும் தபால் கட்டணத்தோடு நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது. கல்யாணச் செலவுகளில் நல்லதற்கும் சுமாரானதற்கும் ஒரே விலை உள்ள பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அங்கே மட்டும் நாம் சுமாரானதை எடுக்கிறோம்.

தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்திய அஞ்சல் துறை வெளியிட்டவற்றைப் பார்த்ததில்லை. 1980-ல் மணப்பெண் கோலங்கள் என்று நான்கு தலைகள் வந்தன. காஷ்மீர், வங்காளம், ராஜஸ்தான் மணப்பெண்களோடு தமிழ்நாட்டு மணப்பெண்ணும் அதில் உண்டு. 2009-ல் மரபு நெசவுகள் வரிசையில் காஞ்சிபுரம் பட்டுக்கு ஒரு தலை. 2006-ல் சந்தன மணம் வீசும் தலை, 2007-ல் ரோஜா, 2008-ல் மல்லிகை. விரலால் மெல்லத் தேய்த்தால் மணக்கும்படி அச்சிட்டவை அவை. சந்தனமும் மல்லிகையும் இல்லாத கல்யாணம் நம் பக்கம் உண்டா? நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கும் வீணை தனம்மாளுக்கும் 2010-ல் தலை வந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 2005-ல், டி.கே. பட்டம்மாளுக்கு 2014-ல். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010-ல் ஒன்று.

இவை ஒவ்வொன்றும் ஒரு சொல். தஞ்சையில் கல்யாணம், சிங்கப்பூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் உறவினர் வர வேண்டும். கவரில் பெரிய கோயில் விமானம் இருந்தால், எந்த ஊருக்கு அழைக்கிறார்கள் என்று பிரிக்கும் முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். நெசவுத் தொழிலில் வளர்ந்த காஞ்சிபுரத்துக் குடும்பம் பட்டுத் தலையை ஒட்டினால் அது தன் தொழிலுக்குச் செய்யும் வணக்கம். மேளக்காரர் குடும்பத்துக்கு ராஜரத்தினம் பிள்ளையை விடப் பொருத்தமான படம் ஏது?

சடங்கு வேண்டாம் என்கிற குடும்பங்களுக்கும் இதில் இடம் உண்டு. சொல்லப்போனால் அவர்களுக்கே கூடுதலாக உண்டு. சுயமரியாதைத் திருமணத்துக்கு இந்த மாநிலத்தில் சட்ட ஏற்பு கிடைத்தது 1967-ல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சட்டத் திருத்தத்தால். அப்படி மணம் முடிக்கும் வீட்டார் பத்திரிகையில் பிள்ளையார் சுழி போடுவதில்லை, மஞ்சள் தடவுவதில்லை. கவரின் வெளிப்புறத்தில் தங்கள் கொள்கையைச் சொல்ல அவர்களுக்கு இருக்கும் இடம் அந்த மூலைதான். பெரியாருக்கு 1978-ல் தலை வந்திருக்கிறது. பாவேந்தர் பாரதிதாசனுக்கு 2001-ல். இல்லற வாழ்வுக்கென்றே 'குடும்ப விளக்கு' எழுதிய கவிஞரின் முகத்தை விட நல்ல கல்யாணத் தலை எது? எந்த மதத்தவரும் எந்தக் கொள்கையினரும் ஒட்டிக்கொள்ளத் திருவள்ளுவர் இருக்கிறார். 1960-லேயே அவருக்குத் தலை வெளியிட்டார்கள். இல்வாழ்க்கைக்கும் வாழ்க்கைத் துணைநலத்துக்கும் தனித்தனி அதிகாரம் வைத்தவர் அவர்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு இதைச் செய்தார். பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்திருந்த தலைகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டார். பக்கத்தில் முகவரிப் பட்டியல், ஈரப் பஞ்சு வைத்த கிண்ணம், சமையலறைத் தராசு. ஒரு பத்திரிகையைக் கவரோடு நிறுத்தினார். 20 கிராமைத் தாண்டி முள் 32-ல் நின்றது. ஆகவே பத்து ரூபாய் ஒட்ட வேண்டும், ஐந்து ரூபாய்த் தலை இரண்டு. "ஜோடியாத்தானே ஒட்டணும், நல்லதுதான்" என்றார் அவர் மனைவி. பிறகு பெயர் பெயராகப் பார்த்தார். பாட்டுக் கற்றுக்கொடுத்த சித்திக்கு எம்.எஸ். ரயில்வேயில் வேலை பார்த்த மச்சினருக்கு ரயில் படம். உடன் வேலை பார்த்த தமிழாசிரியர்களுக்குப் பாரதிதாசன். பஞ்சில் தொட்டு, விளிம்பு நேராக இருக்கும்படி இரண்டையும் ஒட்டவைத்து, மேலே ஒரு தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். அந்தச் சித்தி கல்யாண மண்டபத்துக்கு வந்ததும் முதலில் பேசியது கவரைப் பற்றித்தான். அச்சிட்ட பத்திரிகை எல்லோருக்கும் ஒன்றே. அந்தச் சித்திக்கென்று அதில் இருந்தது அவருடைய பெயரும் அந்தத் தலையும் மட்டுமே.

இந்த இடத்தில்தான் ஆடம்பரம் என்ற குற்றச்சாட்டு முற்றிலும் உடைகிறது. ஆடம்பரம் நம்மைக் காட்டிக்கொள்வது. நம் பத்திரிகைகளில் அது ஏற்கெனவே நிறைய உண்டு. மணமக்களின் பட்டங்கள், வேலை பார்க்கும் நிறுவனங்கள், வெளிநாட்டு ஊர்கள், தாத்தாவின் பதவி, தலைமை தாங்குபவரின் பதவி என்று உள்பக்கம் முழுக்க அழைப்பவரின் பெருமைதான். பெறுபவரை நினைத்துச் செய்ய அந்த முழுப் பொட்டலத்திலும் மிச்சமிருப்பது கவரின் முகம் ஒன்றே. அதில் அவருக்குப் பிடித்ததைத் தேடி ஒட்டுவது ஆடம்பரத்துக்கு நேர் எதிரானது.

இதே காரணத்தால்தான் 'மை ஸ்டாம்ப்' மோகத்தையும் என்னால் முழு மனதோடு ஆதரிக்க முடியவில்லை. 2011-ல் தில்லியில் நடந்த உலகத் தபால்தலைக் கண்காட்சியில் அறிமுகமான திட்டம் அது. நம் படத்தைக் கொடுத்தால் தபால்தலையோடு சேர்த்து அச்சிட்டுத் தருகிறார்கள். 12 தலைகள் கொண்ட தாளுக்கு 300 ரூபாய் என்று வைத்தார்கள். அதாவது ஐந்து ரூபாய்த் தலைக்கு இருபத்தைந்து ரூபாய். நினைவுக்காக ஒரு தாள் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும், அது நல்ல ஆசை. ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கு அழகான தலை என்றாலே மணமக்களின் படம் போட்ட தலைதான் என்ற எண்ணம் பரவியிருப்பது சரியல்ல. உள்ளே இருப்பதும் நம் படம், மண்டப வாசல் பேனரிலும் நம் படம், மூலையிலும் நம் படமா? ஊருக்குப் பொதுவான ஒன்றை வைக்கக் கிடைத்த ஒரே இடத்தையும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டுமா? இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒட்டிய தலையின்மேல் கறுப்பு மையில் முத்திரை விழும். அது மணமக்களின் முகத்தின்மீதும் விழலாம். சகுனம் பார்க்காதவர்களுக்குக்கூட அது மனதுக்கு உகந்த காட்சி இல்லை.

அடுத்து வாட்ஸ்அப். அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அலுவலக நண்பர்களுக்கும் ஐந்நூறு பேர் கொண்ட தெருக் குழுவுக்கும் அதுவே போதும். அத்தனை பேருக்கும் கெட்டி அட்டையில் அச்சிடுவது வீண். மரமும் பணமும் மிச்சமாகும் என்ற வாதத்தை அந்த அளவில் ஏற்கிறேன். ஆனால் அந்த வாதம் தபாலைக் குறைக்கச் சொல்கிறதே தவிர, ஒழிக்கச் சொல்லவில்லை. ஒருவரை அழைக்க நம்மிடம் எப்போதும் படிநிலை உண்டு. குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை. தாய்மாமன் வீட்டுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு நேரில். போக முடியாத தூரத்தில் இருப்பவருக்குத் தபாலில், "இதையே நேரில் அழைத்ததாகக் கருதி" வரச்சொல்லி வேண்டிக்கொள்ளும் வரியோடு. அந்த வரியை அச்சிட்டவர், தனக்குப் பதிலாக அந்தக் கவர்தான் வாசலில் போய் நிற்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். ஒரே தொடுதலில் இருநூறு பேருக்குப் பறக்கும் படக்கோப்பு அந்த இடத்தில் நிற்க முடியாது. எண்பது வயதுப் பெரியப்பாவுக்கு அது காலை வணக்கப் படங்களுக்கு நடுவே புதைந்துபோகும். கவர் வந்தால் நாள்காட்டிக்குப் பின்னால் செருகிவைத்துக் கல்யாண நாள் வரை எடுத்துப் பார்ப்பார்.

தபாலில் போனால் சேராது என்கிறார்கள். சேராத கடிதங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகைகள் வழியில் சிக்குவதற்கான காரணங்கள் பல நம் கையில்தான் இருக்கின்றன. 1972 முதல் நடப்பில் உள்ள ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணை இன்னும் விட்டுவிடுகிறோம். பழைய முகவரிக்கே அனுப்புகிறோம். எடை போடாமல் ஐந்து ரூபாய்த் தலை ஒன்றை ஒட்டிப் பெட்டியில் போடுகிறோம். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரைதான் ஐந்து ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு ஐந்து ரூபாய். கெட்டி அட்டையும் உள்தாளும் கவரும் சேர்ந்தால் பல பத்திரிகைகள் அதைத் தாண்டிவிடும். தபால்தலை குறைந்தால் பற்றாக்குறையின் இரு மடங்கைப் பெறுபவரிடம் வசூலிப்பது அஞ்சல் துறையின் நெடுநாள் வழக்கம். விருந்தாளியிடம் அபராதம் வாங்கிக்கொண்டு அழைப்பதை விடப் பெரிய அவமரியாதை உண்டா? தலையைத் தேர்ந்தெடுக்க உட்காருகிறவர் எடையைப் பார்த்தே தீர வேண்டும், முகவரியைச் சரிபார்த்தே தீர வேண்டும். அக்கறை ஒரு மூலையில் தொடங்கினால் கவர் முழுவதற்கும் பரவும்.

இவ்வளவு அழகான தலையின்மேல் முத்திரை குத்திக் கெடுக்கலாமா என்று சில சேகரிப்பாளர்கள் வருந்துகிறார்கள். நானும் தபால்தலையை நேசிப்பவன்தான். ஆனால் இந்த வருத்தத்தில் பங்குகொள்ள மாட்டேன். தபால்தலை பயணம் செய்யப் பிறந்தது. கவர் கிளம்பிய ஊரின் பெயரும் தேதியும் வட்ட முத்திரையில் விழுந்து, இன்னாருக்கு இன்னார் அனுப்பியது என்ற முகவரியோடு நிற்கும் கவருக்கு, ஆல்பத்தில் உறங்கும் புதுத் தலைக்கு இல்லாத வரலாறு உண்டு. முத்திரை நேர்த்தியாக விழ வேண்டுமானால் பெட்டியில் போடாமல் கவுன்ட்டரில் கொடுத்துக் கையால் குத்தித் தரும்படி கேளுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் போய் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான ஊழியர்கள் முகம் மலர்ந்து செய்கிறார்கள்.

ஒரு வாதத்தில் மட்டும் உண்மை இருக்கிறது. நல்ல தலைகள் பக்கத்து அஞ்சலகத்தில் கிடைப்பதில்லை. கிளை அஞ்சலகங்களில் பொதுத் தலைகளே இருக்கும். சென்னை அண்ணாசாலைத் தலைமை அஞ்சலகத்தில் உள்ள தபால்தலைப் பிரிவுக்கோ, மற்றப் பெருநகரங்களின் தலைமை அஞ்சலகங்களுக்கோ போக வேண்டும். நினைவுத் தலைகள் மறு அச்சு காண்பதில்லை என்பதால் நான் மேலே சொன்ன பழையவை சேகரிப்போரிடமும் வணிகர்களிடமும்தான் கிடைக்கும், சில சமயம் கூடுதல் விலைக்கு. ஆனால் இந்தக் குறையைக் காட்டித் தேர்வே வேண்டாம் என்பது தவறான முடிவு. கேட்பவர் இல்லாததால்தான் வைப்பவரும் இல்லை. அமெரிக்க அஞ்சல் துறை 1973-ல் ராபர்ட் இந்தியானா வடிவமைத்த 'லவ்' தலையை வெளியிட்டது. அந்த வரிசை இன்றும் தொடர்கிறது. 2009-ல் கல்யாண மோதிரங்கள் படத்தோடு ஒரு தலையும், கனமான அழைப்பிதழுக்கான கட்டணத்துக்கென்றே கல்யாண கேக் படத்தோடு இன்னொன்றும் வெளியிட்டது. அங்கே மக்கள் அழைப்பிதழுக்குத் தலை தேடினார்கள், துறை அச்சிட்டது. முகூர்த்த மாதங்களில் ஊர் ஊராகக் கல்யாணம் நடக்கும் நம் நாட்டில் ஐந்து ரூபாயிலும் பத்து ரூபாயிலும் எப்போதும் கிடைக்கும் ஒரு கல்யாணத் தலை வரிசையை இந்திய அஞ்சல் துறை வெளியிட வேண்டும். மல்லிகை, குத்துவிளக்கு, நாகஸ்வரம், மாக்கோலம் என்று அதற்குப் படங்களுக்கா பஞ்சம்?

அதுவரை வீட்டார் செய்ய வேண்டியது எளியது. நேரில் அழைக்க முடியாதவர்களின் பட்டியலைத் தனியே எடுங்கள். அது ஐம்பது, நூறு பேரைத் தாண்டாது. அச்சகத்திலிருந்து பத்திரிகை வந்த அன்றே ஒன்றைக் கவரோடு எடை போடுங்கள். தலைமை அஞ்சலகத்துக்கு ஒரு நடை போய், இருக்கும் நினைவுத் தலைகளை எல்லாம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மணமக்களையும் அழைத்துப் போங்கள். யாருக்கு எந்தத் தலை என்று அவர்களே முடிவு செய்யட்டும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பே கவுன்ட்டரில் கொடுத்துவிடுங்கள். "இதையெல்லாம் யாரு பார்க்கப் போறாங்க" என்று வீட்டில் யாராவது கேட்டால், யாருக்கு அனுப்புகிறோமோ அவர் பார்ப்பார் என்று சொல்லுங்கள்.